ஜாவா ஹீப்பைத் தாண்டியது எப்போது?

கேள்வி: ஜாவாவில் நினைவகத்தை கார்பேஜ் கலெக்டரே கவனித்துக்கொள்ளும் என்றுதான் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தால் 'ஆஃப் ஹீப்', 'டைரக்ட் பஃபர்' என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வகுப்பில் சொன்னது சரிதான். ஆனால் அது ஹீப்புக்குள் இருக்கும் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் முறையை, லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியான கட்டுரையிலேயே விவரித்துவிட்டார். 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா, அந்த முறையைச் சாதாரண புரோகிராமரின் அன்றாட வேலைக்குள் கொண்டுவந்தது.

சிக்கலும் அங்கிருந்தே வந்தது. கலெக்டர் குப்பையை அகற்றுவதோடு நிற்பதில்லை. மிஞ்சிய பொருள்களை நகர்த்தி ஒன்றாக அடுக்கவும் செய்கிறது. நகர்ந்தால் முகவரி மாறிவிடும். நெட்வொர்க்கிலோ கோப்பிலோ தரவை எழுதும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ, வேலை முடியும்வரை மாறாத ஒரு முகவரி வேண்டும். அதனால் ஹீப்பில் இருக்கும் தரவை முதலில் வெளியே ஓரிடத்தில் நகலெடுத்து, அங்கிருந்து அனுப்ப வேண்டியிருந்தது.

1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்த ஜேஎன்ஐ மூலம் சி மொழி நிரலை அழைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு நிரலை நீங்களே சி-யில் எழுதி, ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தனித்தனியாக கம்பைல் செய்ய வேண்டும். ஜாவாவை விட்டு வெளியேறாமலே ஹீப்புக்கு வெளியே இடம் கேட்கும் வசதி 2002-இல், ஜேடிகே 1.4-இன் பைட்பஃபருடன் வந்தது. நீங்கள் கேட்கும் 'டைரக்ட் பஃபர்' இதுதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஹீப்பில் இருப்பது முகவரியைத் தாங்கிய ஒரு சின்னப் பொருள் மட்டுமே. ரசீது கையில், சரக்கு கிடங்கில் என்பது போல. ரசீது குப்பைக்குப் போனால்தான் கிடங்கு காலியாகும். கலெக்டரின் கண்ணில் படுவதோ ரசீதின் அளவுதான். அதற்குப் பின்னால் நூறு மெகாபைட் கிடப்பது தெரியாது. ஹீப் பாதி காலியாக இருந்தால் அதற்கு அவசரமும் இல்லை. டைரக்ட் நினைவகம் வரம்பைத் தொட்டதும் ஜேவிஎம் தானே கலெக்டரை வரச் சொல்லிப் பார்க்கும். 'நிரலிலிருந்து கலெக்டரைக் கூப்பிட்டால் கேட்காதே' என்ற அமைப்பை யாராவது சர்வரில் போட்டிருந்தால் அந்த அழைப்பும் வீணாகும். ஹீப் வரைபடம் சாதுவாக இருக்க, லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று வந்து நிற்கும். இப்படி வந்தால் ஹீப்பைக் கூட்டிப் பயனில்லை. டைரக்ட் நினைவகத்தின் வரம்பையும் இந்த அமைப்பையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: 'சன்.மிஸ்க்.அன்சேஃப்' இனி இருக்காதாமே? இத்தனை ஆண்டுகள் அதை ஏன் எல்லோரும் பயன்படுத்தினார்கள்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேறு வழி போதவில்லை என்பதால்தான். பைட்பஃபரின் இடச்சுட்டு 32 பிட் முழு எண். ஆகவே ஒரு பஃபர் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. நினைத்த நேரத்தில் விடுவிக்கவும் முடியாது. அன்சேஃப் ஜேடிகேயின் உள்வேலைக்காக வைத்த வகுப்பு. ரிஃப்ளெக்ஷன் வழியாக அதன் பிரைவேட் புலத்தைப் பிடித்துவிட்டால் எவ்வளவு இடமும் கேட்கலாம், உடனே விடுவிக்கலாம். நெட்டி, கசாண்ட்ரா போன்ற பெரிய திட்டங்களும் இந்த வழியில் போயின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் விலை பெரிது. விடுவித்த முகவரியைத் தவறிப்போய்த் தொட்டால், பிடித்துச் சமாளிக்க ஒரு எக்செப்ஷன்கூட வருவதாக உறுதியில்லை. முழு ஜேவிஎம்மும் விழலாம். அல்லது சத்தமில்லாமல் தவறான தரவு வரலாம். இரண்டாவதுதான் கொடுமை.

2014-இல் தொடங்கிய பனாமா திட்டம் இதற்கு மாற்று தேடியது. 2020-இல் ஜாவா 14-இல் சோதனை நிலையில் எட்டிப்பார்த்த நினைவக ஏபிஐ, 2024 மார்ச்சில் ஜாவா 22-இல் நிலைபெற்றது. அதன் உயிர் 'அரீனா'வில் இருக்கிறது. அரீனாவைத் திறந்து, அதனிடம் மெமரி செக்மென்ட் கேட்கிறீர்கள். டிரை பிளாக் முடிந்து அரீனா மூடும்போது, அதில் வாங்கியது அனைத்தும் அந்தக் கணமே விடுபடுகிறது. அதற்குப் பிறகு செக்மென்ட்டைத் தொட்டால் 'இல்லீகல் ஸ்டேட்' எக்செப்ஷன். எல்லை தாண்டிப் படித்தாலும் எக்செப்ஷன்தான். 'கன்ஃபைன்ட்' வகை அரீனா என்றால் வேறு த்ரெட் உள்ளே நுழையவும் முடியாது. அளவு 64 பிட்டில் இருப்பதால் 2 ஜிபி தடையும் போயிற்று. நான் இதைப் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன்: சி-யைப் போல உடனடி விடுவிப்பு, ஜாவாவைப் போல பாதுகாப்பு, இரண்டும் ஒரே இடத்தில்.

அன்சேஃபின் நினைவக மெத்தட்களை ஜாவா 23, நீக்கப்படவிருப்பவை என்று அறிவித்தது. ஜாவா 24 முதல், அவற்றைத் தொட்டால் ஓடும்போதே எச்சரிக்கை வருகிறது. உங்கள் திட்டத்தில் பழைய லைப்ரரிகள் இருந்தால் இப்போதே பாருங்கள்.

கேள்வி: சி ஷார்ப்பில் இந்தத் தொல்லை இல்லையா?
— ஒரு மாணவர், வேலூர்

பதில்: குறைவு. 2002-இல் வந்த முதல் பதிப்பிலேயே பாயின்டர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் நிரல்களை அழைக்கும் பி இன்வோக்கும் கூடவே வந்தது. ஹீப், ஸ்டாக், வெளி நினைவகம் மூன்றையும் ஒரே விதமாகக் கையாளும் 'ஸ்பேன்' 2018-இல் டாட்நெட் கோர் 2.1-உடன் சேர்ந்தது. அது வந்த பிறகு, அன்றாட நிரலில் பாயின்டர் எழுத வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.