வளைகோட்டைப் பார்த்துச் சமன்பாடு எழுதும்போது

அடுக்குக்குறிச் சார்பின் வரைபடம் மட்டும் கையில் இருக்கிறது; சமன்பாடு கேட்கிறார்கள். எழுத வேண்டிய வடிவம்: ஒய் = ஏ × பி^எக்ஸ் + கே. இதில் ^ குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு.

செய்ய வேண்டியவை

• முதலில் கே-யைப் பிடியுங்கள். வளைகோடு ஒரு பக்கம் படிந்து ஒரு கிடைக்கோட்டை ஒட்டியே ஓடும். அந்தத் தொலைத்தொடுகோட்டின் உயரம்தான் கே. அது எக்ஸ் அச்சாகவே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டுவதில்தான் பலருக்குக் கணக்கு கோணலாகிறது.

• எல்லா உயரங்களிலிருந்தும் கே-யைக் கழித்த பிறகே மற்ற வேலை. தொலைத்தொடுகோடு 2-இல் இருக்கிறது. வளைகோடு (0, 5), (2, 14) வழியே போகிறது என்று வையுங்கள். கழித்தால் 3, 12. எக்ஸ் 0 ஆகும்போது கிடைத்த 3தான் ஏ. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4; எக்ஸ் 2 நகர்ந்திருப்பதால் வர்க்கமூலம் எடுக்க, பி = 2. ஆக, ஒய் = 3 × 2^எக்ஸ் + 2.

• மூன்றாவது புள்ளியில் சரிபாருங்கள். மேலே 2-ஐக் கழிக்க மறந்திருந்தால் பி ஏறத்தாழ 1.67 என்று வரும். அந்தத் தவறான சமன்பாடும் அதே இரண்டு புள்ளிகள் வழியே நல்லபிள்ளையாகப் போகும்! எக்ஸ் 3-இல்தான் குட்டு வெளிப்படும்: படத்தில் 26, அதில் 23.4.

• கட்டங்களின் மூலையில் சரியாக விழும் புள்ளிகளையே எடுங்கள்.

செய்யக்கூடாதவை

• படிந்து ஓடும் வால்பகுதியில் புள்ளி எடுக்காதீர்கள். அங்கே உயரம் 2.1-ஆ, 2.2-ஆ என்று கண்ணுக்குப் பிடிபடாது. 2-ஐக் கழித்தாலோ 0.1, 0.2, ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு. பி தாறுமாறாகிவிடும்.

• உயரங்களின் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். அது நேர்கோட்டுக்கு, இங்கே விகிதம்தான் பேசும்.

• வளைகோடு இறங்குகிறதே என்று பி-க்கு மைனஸ் போடாதீர்கள். தொலைத்தொடுகோட்டை நோக்கி மேலிருந்து வலப்பக்கம் இறங்கினால், பி 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும், அவ்வளவே. கதிரியக்க அயோடின்-131 சுமார் 8 நாளில் பாதியாகிவிடும். அதன் படத்தில் ஒரு நாளைக்கான பி ஏறத்தாழ 0.917. மைனஸ் வரக்கூடிய இடம் ஏ. அதுவும் வளைகோடு தொலைத்தொடுகோட்டுக்குக் கீழே கிடந்தால்.

• புத்தகத்தில் 6 × 2^(எக்ஸ் − 1) + 2 என்று விடை இருப்பதைப் பார்த்து உங்கள் விடையை அடித்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றேதான்.