கொரிய மொழி படிக்க எந்தக் கல்லூரி?

கேள்வி: என் மகன் அமெரிக்க ராணுவத்தில் ஐந்து ஆண்டு பணியாற்றிவிட்டு, தென்கொரியாவிலிருந்து திரும்பியிருக்கிறான். கொரிய மொழியில் பட்டம் வாங்க ஆசைப்படுகிறான். கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: நல்ல ஆசை அம்மா, தடுக்காதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான 'ஜி.ஐ. பில்' 36 மாதப் படிப்புக்குக் கைகொடுக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்மாநிலக் கட்டணம் முழுவதும் அதில் அடங்கிவிடும். தனியார் கல்லூரிக்கு உச்சவரம்பு உண்டு. மிச்சத்தை ஈடுகட்டும் 'யெல்லோ ரிப்பன்' திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.

அடுத்தது பாடம். பல கல்லூரிகளில் கொரிய மொழி இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடும். நான்கு ஆண்டும் நடக்கும் இடமாகப் பாருங்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகம் இதில் பெயர்பெற்றது.

நிலையறியும் தேர்வு உண்டா என்பதும் முக்கியம். ஹாங்குல் எழுத்தைச் சரளமாக வாசிப்பவரை மறுபடி அரிச்சுவடியில் உட்கார வைத்தால், அந்த 36 மாதத்தில் ஒரு பருவம் வீண். அதேநேரம், கடைத்தெருவில் பேசிப் பழகிய மொழி வேறு, செய்தித்தாள் தலையங்கம் படிக்கும் மொழி வேறு.

கையெழுத்துப் போடுமுன் மூன்றாமாண்டு வகுப்பொன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயரைவிட அந்த ஒரு மணி நேரமே சரியான விடை சொல்லும்.