கைப்பேசிச் செய்தி சாட்சியமாகுமா?

கேள்வி: கடன் வாங்கியவர் வாட்ஸ்அப்பில் அதை ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்தியை அச்செடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. மின்னணுப் பதிவென்பது சுவடு தெரியாமல் திருத்துவதற்கு எளிதான வஸ்துவாதலால், அதன் நகலைத் தாக்கல் செய்கிறவர், அது எந்தச் சாதனத்திலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை விவரிக்கும் சான்றிதழையும் சமர்ப்பித்தாக வேண்டுமென்று, 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்மானமாக உரைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவோ, அச்சான்றிதழில் சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மறு பகுதியிலும் கையொப்பமிட்டு, பதிவின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்கும்படி விதிக்கிறது. மூலச் சாதனத்தையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டேறி நிரூபித்தால் சான்றிதழ் அவசியமில்லை. ஆகையால் கைப்பேசியை விற்றுவிடாமலும் செய்தியை அழிக்காமலும் பத்திரப்படுத்துங்கள்.