செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

இம்முறை தேவன் நமக்குத் தந்த காதைக் குறித்துத் தியானிப்போம்.

குளத்தில் தலையை அமிழ்த்திக் குளிப்பவருக்குக் கரையில் நிற்பவர் பேசுவது சரியாகக் கேட்பதில்லை. காற்றில் வரும் ஓசை தண்ணீரில் மோதும்போது, அதன் ஆற்றலில் 1000 பங்கில் ஏறத்தாழ 999 பங்கு திரும்பிப் போய்விடுகிறது. நம் உட்செவியும் திரவம் நிரம்பியதே. அப்படியானால் தாயின் குரலும் ஆலய மணியோசையும் எவ்வாறு உள்ளே செல்கின்றன? இதற்காகவே சிருஷ்டிகர் நடுச்செவியை அமைத்திருக்கிறார்.

காதுத் துளையின் முடிவில் இருக்கும் செவிப்பறை ஏறத்தாழ 0.1 மி.மீ. கனமுள்ள மெல்லிய சவ்வு. ஓசை படும்போது அது மேளத்தோல் போல அதிர்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உட்செவியின் வாசலில் சேர்க்கின்றன. அங்கவடியே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு.

செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ.; அங்கவடியின் அடித்தட்டு சுமார் 3.2 சதுர மி.மீ. ஆணியின் அகன்ற தலையில் கொடுக்கும் விசை கூர்முனையில் குவிவதுபோல, இங்கே அழுத்தம் 17 மடங்காகிறது. எலும்புகள் நெம்புகோலாகவும் இயங்குவதால் ஏறத்தாழ 22 மடங்காகிறது. காற்றின் ஓசை திரவத்துக்குள் நுழைவது இவ்விதமே.

செவிப்பறை நன்றாக அதிர, அதன் இருபுறமும் காற்றழுத்தம் சமமாயிருக்க வேண்டும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல், நாம் விழுங்கும்போது திறந்து அதைச் சரிசெய்கிறது. சிறுவருக்கு இக்குழல் குட்டையாகவும் சாய்வு குறைந்தும் இருப்பதால், சளியோடு கிருமிகளும் எளிதில் ஏறிவிடுகின்றன. சீழ் பிடித்து, செவிப்பறையில் ஓட்டை விழுகிறது. பின் அது ஓசையை முழுமையாக ஏற்று அதிர முடிவதில்லை.

காது ஒழுகும் பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், கோழி இறகால் குடைவதும் இன்னும் பல வீடுகளில் நடக்கின்றன. இவை தீங்கையே கூட்டும். ஆசிரியர் சொல்வது பாதி கேட்காத அப்பிள்ளைக்கு மந்தம் என்று பெயர். கவனியாமல் விட்டால் சீழ் எலும்பை அரித்து மூளைவரை போகக்கூடும்.

ஆனால் பரிகாரம் உண்டு. காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையில் ஒரு சிறு துண்டை எடுத்து, நுண்நோக்கியின் உதவியால் ஓட்டையை மூடுகிறார்கள். அது ஒட்டிக்கொண்டால் செவிப்பறை மீண்டும் அதிரும்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில், செவிடனும் கொன்னைவாயனுமான ஒருவனை நம் ஆண்டவர் ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். காது திறந்தது; நாவின் கட்டும் அவிழ்ந்தது. கேளாத பிள்ளை பேச்சையும் பின்தங்கியே கற்கும் என்பதை நாம் அறிவோம். கூட்டத்தில் ஒருவனாக அல்ல, தனி ஆளாக அவனை அவர் கண்டார்.

உங்கள் ஓய்வுநாள் பள்ளியிலும் கடைசி வரிசையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் கண்டிக்குமுன் காதைப் பாருங்கள். ஒழுகினால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏழைப் பிள்ளைகளின் அறுவைச் சிகிச்சைக்காக நீங்கள் கொடுக்கும் காணிக்கை, அளவில் சிறியதாயினும், அங்கவடியைப் போலத் தன் வேலையைச் செய்யும்.

ஜெபிப்போம்: காது ஒழுகும் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் பெற்றோருக்காகவும், செவிநோய் மருத்துவர்களுக்காகவும்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்