தொழுவத்து நாற்றமும் புண்ணாக்குக் கணக்கும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்று மழையில் தொழுவத் தரை காய்வதே இல்லை, பக்கத்து வீட்டார் நாற்றத்தைச் சொல்லிச் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பினாயில் வாங்க ஓடாதே. முதலில் தீவனத் தொட்டியைப் பார்.

கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அம்மோனியா. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 450 கிராம் புரதம். அதில் 72 கிராம் நைட்ரஜன். பசு தின்னும் நைட்ரஜனில் கால் பங்கு, மிஞ்சினால் 30 விழுக்காடுதான் பாலில் இறங்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சாணம், மூத்திரம் வழியே வெளியேறுகிறது. மூத்திரத்திலுள்ள யூரியா சாணத்தோடு கலந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைத்துவிடும். நீ காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்குத்தான் காற்றில் போகிறது, மருமகனே!

அதற்காகப் புண்ணாக்கை நிறுத்திவிடாதே, பால் வற்றிவிடும். மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தை அம்மோனியாவாக்கி, அதைக் கொண்டே தம் உடம்பை வளர்க்கின்றன. அவற்றைப் பசு பிறகு செரித்துக்கொள்கிறது. அவை வளர மாவுச்சத்து வேண்டும். அது குறைந்தால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் இறங்கும்.

உங்கள் பக்கம் மாவுச்சத்துக்கா பஞ்சம்? விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனி இருக்கிறதே. ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஒருமுறை போய்க் கேள். பச்சைக் கிழங்கையும் தோலையும் இலையையும் அப்படியே போடாதே, சயனைடு நஞ்சு உண்டு. சீவி, நன்றாகக் காயவைத்துக் கொடு. பொன்முடி அடிவாரத்தில் மழைக்கால வெயிலை நம்பாமல் கோடையிலேயே காயவைத்துச் சேர்த்துக்கொள்.

கஞ்சியும் பலாப்பழமும் மிச்சமிருக்கிறதென்று அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. வயிறு புளித்துச் சாணம் தண்ணீராகப் போகும், நாற்றம் கூடும். மாடே செத்துப்போவதும் உண்டு. வைக்கோலும் புல்லும் குறையக் கூடாது.

உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று புண்ணாக்கு சேர்ந்த அடர்தீவனம் வைப்பது பொதுவான கணக்கு. பத்து லிட்டர் பசுவுக்கு ஐந்தரைக் கிலோ. வற்றிய மாட்டுக்கும் அதே அளவை அள்ளிவைப்பது வீண்.

தரையைச் சாய்வாக்கி, மூத்திரம் உடனே வடிய வாய்க்கால் வெட்டு. அதைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சு, ஆற்றில் விடாதே. தீவனத்தை ஒரே நாளில் மாற்றிவிடாமல் பத்து நாளில் கொஞ்சங் கொஞ்சமாக மாற்று.

அன்புடன்,
மாமா