முன்னால் நிற்பது எது?

அன்புள்ள தங்கைக்கு,

மொன்றியலின் பழைய துறைமுகத்தில் ஹெட்செட் அணிந்து நிற்பவருக்கு, இன்று அங்கே இல்லாத கப்பல்களையும் மனிதர்களையும் காட்டும் கலப்பு மெய்மைப் படைப்பொன்றைச் செய்ய விரும்புகிறீர்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் தொடங்குகிறார்கள். பாய்மரம், கயிறு, துருப்பிடித்த ஆணி என்று மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, மாஸ்க்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். திரையின் எந்தப் புள்ளியில் கமரா கண்ட உலகம் தெரியவேண்டும், எந்தப் புள்ளியில் கணினி வரைந்த உலகம் தெரியவேண்டும் என்று தீர்மானிப்பது மாஸ்க். எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது என்று அது பார்ப்பவருக்குச் சொல்கிறது. கப்பலின் நிறம் சற்றுப் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். துறைமுகத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் போகவேண்டிய கப்பல் கோபுரத்தின்மேல் ஏறி மிதந்தால், எவ்வளவு நுட்பமாகச் செதுக்கியிருந்தாலும் அதைக் கண் நம்பாது.

இந்தத் தொழிலுக்குத் தமிழர் புதியவர்கள் அல்லர். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். அந்தக் காலத்தில் ஒரே நடிகரை ஒரே சட்டத்துக்குள் இருவராகக் காட்ட, லென்சின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மற்றப் பாதியை மறைத்து, அதே நடிகரை வேறு உடையில் எடுப்பார்கள். கமரா மயிரிழையும் அசையக்கூடாது, நடிகர் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, வெளிச்சம் மாறக்கூடாது. ஆகவே கோடு எங்கே விழும் என்பதுதான் முதலில் முடிவாகும். தூணின் விளிம்பு, கதவு நிலை என்று காட்சியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டுக்குள் அதை ஒளித்துவைப்பார்கள். நடிப்பும் செட்டும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படும். இன்று பார்ப்பவர் தலையைத் திருப்பலாம், நடக்கலாம், குனியலாம். அதனால் கோடு திரையோடு ஒட்டியிருக்க முடியாது. அது இடத்தோடு கட்டப்பட்டு, பெரும்பாலான ஹெட்செட்களில் வினாடிக்கு 72 முதல் 120 முறை புதிதாக வரையப்படவேண்டும். மாறியது இவ்வளவுதான். இடத்தைப் பார்த்துக் கோட்டை முதலில் தீர்மானிக்கும் ஒழுங்கு மாறவேண்டிய காரணம் எதுவும் இல்லை.

“ஆழத்தைக் கருவியே அளந்துவிடுகிறதே, கையால் எதற்கு வரையவேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றுக்கு அந்த வாதம் சரியும்கூட. பார்ப்பவரின் கைகள், குறுக்கே ஓடும் குழந்தை, பக்கத்தில் நிற்கும் தோழி ஆகியோரை அந்தந்தக் கணத்தில் கண்டுபிடித்து முன்னால் நிறுத்துவதைக் கருவியிடம்தான் விடவேண்டும். ஆனால் துறைமுகம் ஒரு வரவேற்பறை அல்ல. 2020இல் ஐபாட் புரோவில் வந்த, ஆழம் அளக்கும் லைடார் உணரிக்கு எட்டும் தூரமே 5 மீட்டர். இரண்டு கமராக்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து ஆழத்தைக் கணிக்கும் முறையில், பிழை தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். 2 மீட்டரில் 1 சென்டிமீட்டர் தவறும் ஒரு கருவி 20 மீட்டரில் 1 மீட்டர் தவறும். 200 மீட்டரில் 100 மீட்டர் தவறும். 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரம் கப்பலுக்கு முன்னாலா பின்னாலா என்று அந்தக் கருவியிடம் கேட்பதில் பொருளில்லை. அசையாத கட்டடங்களை முன்கூட்டியே அளந்து மாதிரியாகச் செய்து, அந்த மாதிரிக்கு நிறம் எதுவும் எழுதாமல் ஆழத்தை மட்டும் எழுதச் சொல்வதே நம்பகமான வழி. பார்ப்பவருக்கு அந்த மாதிரி தெரியாது. அதன் பின்னால் போகும் கப்பல் மட்டும் மறையும்.

இடத்தை முன்கூட்டிப் படிப்பது எதற்கு என்பதற்கு இந்தத் துறைமுகமே சாட்சி. 1919க்கும் 1922க்கும் இடையே கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் 45 மீட்டர் உயரம். முதல் உலகப் போரில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவுச் சின்னம். நேர்க்கோடுகளால் ஆனது என்பதால் அதன் மாஸ்க் எளிது. அதற்கு அப்பால் 1930இல் திறந்த ஜாக் கார்ட்டியே பாலம் முழுவதும் எஃகுச் சட்டங்களின் பின்னல். ஒவ்வொரு சட்டத்தையும் மாதிரியாக்கினால் தொலைவில் அவை ஒரு புள்ளியைவிட மெல்லியவையாகி மினுங்கும். அங்கே நான் பழைய ஒளிப்பதிவாளரின் பக்கம் நிற்பேன்: கப்பலைப் பாலத்துக்குப் பின்னால் விடாதீர்கள், கதையை அந்தக் கோட்டுக்கு இப்பால் நிறுத்துங்கள். கரையோர மரங்களுக்குக் கோடையில் இலை உண்டு, பனிக்காலத்தில் இல்லை. ஒரே மாஸ்க் இரண்டு காலத்துக்கும் உதவாது. சென் லோரன்ஸ் நதியின் நீர்மட்டமும் பருவத்தோடு ஏறி இறங்கும், ஜனவரியில் அதில் பனிக்கட்டி மிதக்கும். கப்பலுடல் தண்ணீரைத் தொடும் கோடுதான் படைப்பு முழுவதிலும் அதிகம் பார்க்கப்படும் மாஸ்க். அதை நிலையான ஓர் எண்ணாக எழுதிவைத்தால், ஒரு மாதம் கப்பல் காற்றில் மிதக்கும், மறுமாதம் மூழ்கும்.

விளிம்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒரு புள்ளி முழுக்க மெய், முழுக்க மெய்நிகர் என்ற இரண்டு நிலையோடு நிற்பதில்லை. கயிறு, கொடி, முடி ஆகியவற்றின் ஓரத்தில் அது இரண்டிலும் பங்கு கொள்ளும். அந்தப் பங்கைக் குறிக்கும் ஆல்ஃபா மதிப்பை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்க்கும் கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார்கள். நிறத்தை ஆல்ஃபாவால் முன்பே பெருக்கிவைப்பது அதில் வரும் வழக்கம். உங்கள் படங்களில் சில பெருக்கியவையாகவும் சில பெருக்காதவையாகவும் கலந்துவிட்டால், வெளிர்வானத்தின் முன்னே பாய்மரத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதை மறைக்கப் பலர் விளிம்பை இன்னும் மங்கலாக்குகிறார்கள். அப்போது கப்பல் புகையாகத் தெரியும். மங்கலாக்காமல் கணக்கைத் திருத்துங்கள்.

எந்தக் கருவி என்பதும் இதே கேள்விதான். ஹோலோலென்ஸ் போல நேரடியாகக் கண்ணாடி ஊடே பார்க்கும் கருவிகளால் வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே முடியும். கறுப்பு அங்கே வெறும் கண்ணாடி, ஆகவே பட்டப்பகலில் கரிய கப்பலுடல் தோன்றாது. வார்ஜோ, மெட்டா குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் புரோ போன்றவை உலகைக் கமரா வழியாகக் காட்டுகின்றன. அவற்றில் எந்தப் புள்ளியையும் முழுதாக மூட முடியும். இருப்பதை இல்லாததாக்கும் முழு அதிகாரம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் ஐயம் வரும் இடத்தில் எல்லாம் மெய்யானதே முன்னால் நிற்கட்டும் என்கிறேன். இறங்குதுறையின் விளிம்பு, படிக்கட்டு, சைக்கிளில் வருபவர், அருகில் நிற்பவரின் முகம் ஆகியவற்றின்மேல் எந்தக் காட்சிக்காகவும் எதையும் வரையாதீர்கள். மெய்நிகர்ப் பலகைத்தளம் ஒன்றைத் தண்ணீருக்குமேல் நீட்டினால், யாராவது அதில் கால் வைப்பார்கள்.

மக்கள் மயங்கத்தானே வருகிறார்கள், மெய்யை நினைவூட்டிக்கொண்டே இருந்தால் மயக்கம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. இதே பகுதியில் 2016 மே மாதம் தொடங்கிய ‘சித்தே மெமுவார்’ அதற்கு நல்ல பதில். மிஷேல் லெமியூ, விக்டர் பிலோன், மிஷேல் மார்க் புஷார் ஆகியோரின் அந்தப் படைப்பில், நகர வரலாற்றின் மனிதர்கள் இருட்டியபின் பழைய மொன்றியலின் சுவர்களிலும் தரையிலும் மரங்களிலும் ஒளியாகத் தோன்றினார்கள். கல்லின் மூட்டும் சன்னல் சட்டமும் அந்த முகங்களின் ஊடே தெரிந்தன. பார்த்தவர்களின் மயக்கம் அதனால் குறையவில்லை. என் மதிப்பில், இந்தச் சுவர்தான் இந்தக் கதையைச் சொல்கிறது என்ற உணர்வே அங்கே மயக்கம். படவீழ்த்தியால் சுவரை அழிக்க முடியாது, அதனால் சுவர் தன்னைத்தானே காத்துக்கொண்டது. ஹெட்செட்டில் அந்தக் காவல் இல்லை, அதை மாஸ்க்கில் நீங்கள்தான் எழுதவேண்டும்.

கலைஞருக்குப் பொய் சொல்லும் உரிமை உண்டே என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. உண்டு. ஆனால் மாஸ்க் சொல்லும் பொய் எத்தனை நீண்ட ஆயுள் கொண்டது என்பதையும் பாருங்கள். கட்டடக்கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் 1913இல் வெளியிட்ட தானியக் கிடங்குப் படங்களில், புவெனஸ் அயர்ஸ் கிடங்கொன்றின் உச்சியில் முக்கோண முகப்புகள் இருந்தன. லெ கொர்பூசியே 1923இல் தன் நூலில் அதே படத்தைப் போட்டபோது அவை அழிக்கப்பட்டிருந்தன. தூய உருளைகளே எதிர்காலக் கட்டடக்கலை என்ற அவரது வாதத்துக்கு அவை இடைஞ்சல். மொன்றியல் துறைமுகத்தின் 2ஆம் இலக்கக் கிடங்கும் அந்த நூலில் இடம்பெற்றது. 1978இல் அதை இடித்துவிட்டார்கள். இடித்த கட்டடத்தைப் போய்ச் சரிபார்க்க முடியாது, எஞ்சுவது படம் மட்டுமே.

இந்தத் துறைமுகத்தில் நீங்கள் தொடக்கூடிய கதைகள் இலேசானவை அல்ல. 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களில் சுமார் 6,000 பேர், துறைமுகத்துக்குச் சற்று மேலே இருந்த கொட்டகைகளில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார்கள். அவர்களைப் பராமரிக்கப் போன மேயர் ஜோன் ஈஸ்டன் மில்ஸும் அதே நோயில் இறந்தார். 1986 ஆகஸ்டில் 155 ஈழத்தமிழர்களை இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள், ஆனால் அந்தப் படகுகள் இந்தத் துறைமுகத்துக்கு வரவே இல்லை. இரண்டையும் நீங்கள் இங்கே காட்டலாம். ஆனால் இரண்டையும் ஒரே வகை மாஸ்க்கில் காட்டாதீர்கள். கொட்டகைகள் அந்தக் கரையில் உண்மையாக நின்றவை. அவற்றை அவற்றுக்குரிய ஆழத்தில் வைத்து, இன்றைய தண்டவாளமும் இன்றும் நிற்கும் தானியக் கிடங்கும் அவற்றை மறைக்கவேண்டிய இடத்தில் மறைக்கவிடுங்கள். படகுகளுக்கு அந்த உரிமை இல்லை. அவற்றைத் தண்ணீரில் இறக்கி, கோபுரத்துக்குப் பின்னால் மறையவிட்டால், இது இங்கே நடந்தது என்று மாஸ்க் சாட்சி சொல்லிவிடும். அவற்றுக்கு விளிம்பு தெளிவாகத் தெரியும் ஒரு சட்டம் கொடுங்கள். அந்தச் சட்டத்துக்குள் தெரிவது அத்திலாந்திக் கடலாக இருக்கட்டும், சென் லோரன்ஸ் நதியாக வேண்டாம். பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புரியுமா என்று கேட்பீர்கள். விளக்கம் இல்லாமலே புரியும் என்றே நம்புகிறேன். தன் முன்னால் இருப்பது சன்னலா வெளியா என்று அறியாத கண் இல்லை.

ஆகவே முதல் கட்டத்தில் கப்பல் வேண்டாம், படகு வேண்டாம். கோபுரம், கிடங்கு, கரை, நீர்மட்டம் ஆகியவற்றின் மாதிரிகளை மட்டும் செய்து, அவற்றுக்கிடையே நகரும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு துறைமுகத்துக்குப் போங்கள். ஜூலை நண்பகலில் ஒரு முறையும் பெப்ரவரி மாலையில் ஒரு முறையும் போங்கள். இந்த வேலையைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்கு ஹெட்செட்டை மாட்டி, பக்கத்தில் நின்று, பெட்டி கோபுரத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் மறுபடி அளக்கப் போங்கள். தயங்காமல் சொன்னால் கப்பலைத் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவர் ஒருவர்