கையில் பிடிக்கிற பொருளுக்குப் பெயின்ட்

பைக் டேங்குக்கு ஸ்ப்ரே அடித்த தைரியத்தில்தான் என் முதல் கேம் கன்ட்ரோலரைக் கெடுத்தேன். டேங்க் என்பது பார்க்கிற பொருள். கன்ட்ரோலர் பிடிக்கிற பொருள். வேர்த்த உள்ளங்கையில் மணிக்கணக்கில் ஊறும். கட்டைவிரல் ஒரே இடத்தை ஆயிரம் தடவை தேய்க்கும். கீழே சொல்வதெல்லாம் பிஎஸ்4-க்கான டூயல்ஷாக் 4-ஐ வைத்து. எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அவர்கள் மட்டும் நுனியில் ஓட்டையுள்ள டி8 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்டரி அறை ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருப்பதையும் மறக்கக் கூடாது.

வாரன்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள்.

முழுசாகப் பிரித்துவிட்டு அடியுங்கள். டேப் ஒட்டி மேலோடு அடித்துவிடலாம் என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார், கேட்காதீர்கள். பின்பக்கம் 4 ஸ்டார் ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றி, கைப்பிடிப் பக்கமிருந்து மெல்ல விரித்தால் திறந்துகொள்ளும். படக்கென்று இழுத்தால் போச்சு. முன்பாதியில் இருக்கும் போர்டையும் பின்பாதியில் இருக்கும் சார்ஜிங் போர்டையும் பட்டையான ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. அதை முதலில் விடுவித்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றி வையுங்கள். எல்2, ஆர்2 ஸ்பிரிங்குகள் தெறிக்கும். என்னுடையது ஒன்று பீரோவுக்கு அடியில் போய், மறுவாரம் வீடு பெருக்கும்போது கிடைத்தது. அதிலிருந்து இட்லித் தட்டுதான்: கழற்றுகிற வரிசைப்படி குழிக்கு ஒரு வகை. திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு வந்தால் போதும். வீட்டில் கேட்காமல் தட்டை எடுப்பது செய்யக்கூடாதவற்றில் சேர்த்தி.

தின்னரால் துடைக்காதீர்கள். கன்ட்ரோலரின் கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக். தின்னர்கள் பலவற்றிலும் நெயில் பாலிஷ் ரிமூவரிலும் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். கூட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கினால் போதும், பள்ளம் விழ வேண்டாம். திரும்பவும் ஒரு துடைப்பு. அதன்பின் வெறும் கை படக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

பிரைமர், கலர், கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். காயாத எனாமல் மேல் லாக்கர் விழுந்தால் பாலாடை போலச் சுருங்கிக்கொள்ளும். பிரைமர் டப்பாவில் பிளாஸ்டிக்குக்கு உகந்தது என்று போட்டிருக்க வேண்டும். இரும்புக் கேட்டுக்கு அடித்த மிச்சம் உதவாது.

இனி வானிலை. மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் காய்வதற்குள் வெள்ளை படர்ந்து, கருப்பு சாம்பலாகத் தெரியும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கவே கணக்கில் இல்லை. உச்சி வெயிலும் ஆகாது. துளி பிளாஸ்டிக்கில் விழுமுன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாகும். விடிகாலை ஈரம் போனபின், கடற்காற்று கிளம்புமுன், மொட்டை மாடியில் நிழலான மூலையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்து, அதற்குள் அடிப்பது என் வழக்கம். தூசி மாஸ்க்கும் என்95-உம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். டப்பாவிலிருந்து பெயின்ட்டைத் தள்ளும் வாயு எரியக்கூடியது. பக்கத்தில் கொசுவத்தி, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

டப்பாவுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்டபின் 2 நிமிஷம் குலுக்குங்கள். தூரம் ஒரு சாண். கூட்டுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கூட்டைக் கடந்து, வெளியே போய் விரலை எடுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேதான் ஒழுகும். முதல் கோட் திருநீறு தூவினது போல இருக்க வேண்டும்; அடியில் பழைய நிறம் தெரியத்தான் தெரியும். அங்கேதான் பொறுமை போய் எல்லோரும் இன்னொரு அழுத்து அழுத்துகிறார்கள். 10–15 நிமிஷம் விட்டு, அதே போல இன்னும் 3 கோட். ஒழுகிவிட்டதா? விரலால் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டுத் தேய்த்துவிட்டு, மறுபடி அடியுங்கள்.

பட்டன் ஓட்டைகளின் உள்சுவரில் பெயின்ட் போகவிடாதீர்கள். பட்டனுக்கும் ஓட்டைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. நான் டிரிகருக்கும் சேர்த்து 4 கோட் அடித்துவிட்டேன். கார் ரேஸில் ஆர்2 அழுத்தியபடியே சிக்கிக்கொண்டது; விரலை எடுத்தபின்னும் கார் சுவரில் முட்டி முட்டி உறுமிக்கொண்டிருந்தது. அனலாக் ஸ்டிக் ரப்பர், டச்பேட், லைட்பார், ஸ்பீக்கர் துளை, பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் எதுவும் வேண்டாம். குறியுள்ள பட்டன்களும் வேண்டாம். வட்டத்துக்கு ‘ஆம்’, பெருக்கலுக்கு ‘இல்லை’ என்று அர்த்தம் வைத்து சோனியின் டெயு கோட்டோ வடிவமைத்த குறிகள் அவை. மேற்கத்திய நாடுகளில் அந்த அர்த்தம் தலைகீழானது தனிக்கதை. பட்டன் நிறம் மாற வேண்டுமானால் வேறு நிற செட்டே வாங்கி மாட்டுங்கள்.

கிளியர் கோட்டில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஹார்டனர் கலந்த 2கே கிளியர் கல்லு மாதிரி நிற்கும், மறுப்பில்லை. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாத சரக்கு. பெயின்ட் பூத் உள்ள பட்டறைக்காரரிடம் கொடுங்கள், வீட்டில் வேண்டாம். சாதாரண கிளியர் போதும். ஆனால் உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் அது சீக்கிரம் தேயும். அதனால் நான் இப்போது முன்பாதிக்கு மட்டும்தான் அடிக்கிறேன். பின்பாதி அப்படியே கருப்பு. நிறம் தெரிய வேண்டிய இடத்தில் தெரிகிறது, வேர்வை படும் இடத்தில் கம்பெனி பிளாஸ்டிக் இருக்கிறது.

கடைசி கோட்டுக்குப் பின் ஒரு வாரம் தொடாதீர்கள். அரை மணியில் தொட்டால் ஒட்டாது என்பது மேல்தோல் காய்ந்த கதைதான். மோந்து பாருங்கள், கரைப்பான் வாசனை இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். நான் மூன்றாம் நாளே மாட்டி விளையாட உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கன்ட்ரோலரின் இடது கைப்பிடியில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது, ஆதாருக்குக் கொடுத்ததைவிடத் தெளிவாக.